செவ்வகப் பயிற்சிக் கணக்குகள்: தவறான வழியில் போனாலும் சரியான விடை தந்துவிடும் எண்களை எப்படிக் களைவது?

வரைதாள்:

செவ்வகத்தை மட்டுமே வைத்து ஒரு பயிற்சித் தொகுப்பு தயாராகிறது. சுற்றளவு, பரப்பளவில் தொடங்கி மூலைவிட்டம், பாதைக் கணக்கு, பெரும மதிப்பு காண்பது என்று போய், பொறியியல் முதலாண்டுக்கான பீம் குறுக்குவெட்டு, நீரழுத்தம் வரை கொண்டுபோக வேண்டும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் கணக்குகள் எங்கும் கிடைக்கின்றன. மாணவர் எழுதிய விடையைப் பார்த்தவுடனேயே அவர் எந்த இடத்தில் சறுக்கினார் என்று சொல்லிவிடக்கூடிய கணக்குகள்தான் தேவை.

வரைவில் இப்போது இருப்பவற்றில் நான்கு:

அ) நீளம் 6 செமீ, அகலம் 3 செமீ. சுற்றளவும் பரப்பளவும் காண்க.
ஆ) 20 மீ × 12 மீ தோட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக 1.5 மீ அகலப் பாதை. பாதையின் பரப்பளவு என்ன?
இ) 16 செமீ × 10 செமீ அட்டையின் நான்கு மூலைகளிலும் சம சதுரங்களை வெட்டி, மடித்து, மூடியில்லாத பெட்டி செய்தால் அதிகபட்சக் கொள்ளளவு என்ன?
ஈ) டி வடிவ பீம்: மேல் பட்டை 100 மிமீ அகலம், 20 மிமீ தடிமன், தண்டு 20 மிமீ அகலம், 100 மிமீ உயரம். மையப்புள்ளி அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில்?

எதை வைக்கலாம், எதை மாற்ற வேண்டும்?

மூலைவிட்டம்:

(அ) இந்த எண்களோடு இருக்கக் கூடாது. 6-க்கு 3 செவ்வகத்தின் பரப்பளவு 18, சுற்றளவும் 18. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்தான் நம் கவலை. அவர் இரண்டையும் இடம் மாற்றி எழுதினாலும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அலகை ஒழுங்காக எழுதினால் மட்டும்தான் பிடிபடுவார்.

முழு எண் பக்கங்களில் இப்படி ஒத்துப்போவது இரண்டே இரண்டு செவ்வகங்கள்தாம். நீளம் × அகலம் = 2 × நீளம் + 2 × அகலம் என்பதை மாற்றி எழுதினால் (நீளம் − 2)(அகலம் − 2) = 4. நான்கை 2 × 2 என்றும் 4 × 1 என்றும்தான் பிரிக்க முடியும். ஆக 4-க்கு 4, 6-க்கு 3. இந்த நிறுவலையே மேல்வகுப்புக்கு ஒரு கேள்வியாக வைக்கலாம், அருமையான காரணிப்படுத்தல் பயிற்சி.

மாற்றாக 9-க்கு 4 வையுங்கள். பரப்பளவு 36, சுற்றளவு 26. இரண்டால் பெருக்க மறந்தால் 13. நீளத்தை மட்டும் இரட்டித்தால் 22, அகலத்தை மட்டும் இரட்டித்தால் 17. ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனி எண் வருகிறது பாருங்கள்.

(ஆ)வில் உங்கள் எண்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. சரியான விடை 23 × 15 − 20 × 12 = 105 சதுர மீட்டர். பாதை அகலத்தை ஒரு பக்கம் மட்டும் கூட்டியவர் 21.5 × 13.5 போட்டு 50.25 என்பார். சுற்றளவை அகலத்தால் பெருக்கியவர் 64 × 1.5 = 96 என்பார்; அவர் விட்டது நான்கு மூலைச் சதுரங்கள், 4 × 2.25 = 9. பாதையை உள்ளே போட்டவருக்கு 87 வரும். 96-லிருந்து மேலே 9 போனால் வெளிப்பாதை, கீழே 9 போனால் உள்பாதை. இந்தச் சமச்சீரைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேள்வியின் இரண்டாம் பகுதியாக உள்பாதையையும் சேர்த்துவிடுங்கள்.

நடுநிலை_அச்சு:

(ஈ)யிலும் அதே நோய்தான் இருக்கிறது. பட்டையின் பரப்பளவு 2000, தண்டின் பரப்பளவும் 2000 சதுர மிமீ. மையங்கள் அடியிலிருந்து 110 மிமீ, 50 மிமீ உயரத்தில். பரப்பளவால் எடையிட்டுச் சராசரி எடுத்தாலும் 80, சும்மா இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தாலும் 80. முதலாண்டு மாணவர்கள் இந்தக் கணக்கில் செய்யும் மிகப் பரவலான தவறே அந்தச் சும்மாச் சராசரிதான். அதை இந்த எண்கள் மறைத்துவிடுகின்றன.

பட்டையின் அகலத்தை 150 ஆக்குங்கள். (2000 × 50 + 3000 × 110) ÷ 5000 = 86 மிமீ. தவறான வழியில் 80. உடனே தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்தாமல் மொமன்ட் ஆஃப் இனெர்ஷியாவையும் (குறுக்குவெட்டு வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு) கேளுங்கள். தண்டு: 20 × 100³ ÷ 12 = 16,66,667; அதோடு 2000 × 36² = 25,92,000. பட்டை: 150 × 20³ ÷ 12 = 1,00,000; அதோடு 3000 × 24² = 17,28,000. மொத்தம் 60,86,667 மிமீ⁴. இணையச்சுத் தேற்றத்தை (பரப்பளவு × பொது மையத்திலிருந்து தள்ளியிருக்கும் தூரம்² என்பதைக் கூட்டும் விதியை) மறந்தவருக்கு 17,66,667 மட்டும் வரும், அதாவது சரியான விடையில் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. பட்டையின் சொந்தப் பங்கு வெறும் 1 லட்சம், அது தள்ளி இருப்பதால் வரும் பங்கு 17 லட்சத்துக்கும் மேல். பட்டையை எதற்காக மேலே கொண்டுபோய் வைக்கிறோம் என்பது இந்த இரண்டு எண்களிலேயே புரிந்துவிட வேண்டும். புரியாவிட்டால் ஐ வடிவ பீமுக்குப் போய்ப் பயனில்லை.

கரும்பலகை:

பள்ளிப் பகுதிக்கு இரண்டு கணக்குகளைச் சேர்க்கச் சொல்வேன்.

முதலாவது: சுற்றளவு 34, மூலைவிட்டம் 13. பரப்பளவு என்ன? பலரும் பக்கங்களைத் தேடிக் கிளம்புவார்கள். தேவையே இல்லை. பக்கங்களின் கூட்டல் 17, அதன் வர்க்கம் 289. அதில் பக்க வர்க்கங்களின் கூட்டலான 169-ஐக் கழித்தால் 120, பாதி 60. பக்கங்கள் 12, 5 என்று ஊகித்தவரும் சரியான விடைக்கு வந்துவிடுவார். அதைத் தடுக்க வேண்டுமானால் சுற்றளவு 20, மூலைவிட்டம் 8 என்று வையுங்கள்: (100 − 64) ÷ 2 = 18. இங்கே பக்கங்கள் 5 ± √7, ஊகம் பலிக்காது.

இரண்டாவது: சுற்றளவு 20, பரப்பளவு 30. பக்கங்கள் காண்க. விடை, அப்படி ஒரு செவ்வகமே கிடையாது. பக்கங்களின் கூட்டல் 10 என்றால் பெருக்கல் 25-ஐத் தாண்டாது. இருபடிச் சமன்பாட்டில் 100 − 120 எதிர்மறையாவதும் இதையேதான் சொல்கிறது. இப்படி ஒரு கணக்கு தொகுப்பில் எங்காவது ஓர் இடத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் வர வேண்டும். எல்லாக் கணக்குக்கும் விடை உண்டு என்ற நம்பிக்கையில்தான் மாணவர்கள் சரிபார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

(இ) நல்ல கணக்கு, எண்களைத் தொடாதீர்கள். வெட்டும் சதுரத்தின் பக்கம் ப என்றால் கொள்ளளவு ப(16 − 2ப)(10 − 2ப). வகையிட்டுச் சுழியமாக்கினால் 3ப² − 26ப + 40 = 0; ப = 2 அல்லது 20/3. கொள்ளளவு 2 × 12 × 6 = 144 கன செமீ. 20/3-ஐ ஏன் ஒதுக்குகிறோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 10 செமீ பக்கத்தில் இரு முனையிலிருந்தும் 6.67 செமீ வெட்ட அட்டையே போதாது. ‘பெரிய மதிப்பு, ஆகவே வேண்டாம்’ என்று எழுதினால் மதிப்பெண் கொடுக்கக் கூடாது.

சதுரமட்டம்:

மூலைவிட்டத்துக்கு 3-4-5 போட்டு 5 எடுக்கச் சொல்வதோடு விட்டுவிடுவது வீண். வேலைத்தளத்தில் மூலைவிட்டத்தின் பயனே வேறு: சட்டம் செங்கோணமாக இருக்கிறதா என்று பார்ப்பது. இப்படிக் கேளுங்கள்:

சட்டத்தின் பக்கங்கள் 4000, 3000, 4000, 3000 மிமீ. மூலைவிட்டங்கள் 5008, 4992 மிமீ. மேல் பக்கம் எவ்வளவு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது?

மூலைவிட்ட வர்க்கங்களின் வித்தியாசம் 16 × 10,000 = 1,60,000. அது 4 × 4000 × நகர்வுக்குச் சமம். நகர்வு 10 மிமீ. இந்த அளவுச் சட்டத்தில் மூலைவிட்டங்களின் வித்தியாசம் நகர்வைவிட 1.6 மடங்கு பெரிதாகத் தெரிகிறது, அதனால்தான் அதை அளக்கிறோம்.

கூடவே ஒரு சரி-தவறு கேள்வி: மூலைவிட்டங்கள் சமமாக இருந்தாலே செவ்வகம். தவறு. இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமம்தான். எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதை முதலில் உறுதிசெய்த பிறகே மூலைவிட்டச் சோதனைக்குப் பொருள் உண்டு. மூலைவிட்டம் கோணத்தை இருசமமாக்கும் என்று 45° போடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. 4-க்கு 3 செவ்வகத்தில் அது நீளப் பக்கத்தோடு ஏறக்குறைய 36.9° கோணம்.

வரைதாள்:

நன்றி. (அ), (ஈ) இரண்டையும் நீங்கள் சொன்ன எண்களுக்கு மாற்றிவிட்டேன். பீம் பகுதியில் திட செவ்வகம், உள்ளீடற்ற செவ்வகம் இரண்டுக்கும் என்ன எண்கள் வைக்கலாம்? தகைவுக் கணக்குவரை (ஓர் அலகுப் பரப்பில் எழும் உள்விசை காண்பதுவரை) போக வேண்டும். எண்கள் வாய்க்கணக்காக வந்தால் நல்லது, கால்குலேட்டரில் நேரம் போகக் கூடாது.

நடுநிலை_அச்சு:

திட செவ்வகத்துக்கு 50 × 150 மிமீ. மொமன்ட் ஆஃப் இனெர்ஷியா, அதாவது அகலம் × உயரம்³ ÷ 12: நிமிர்த்தி வைத்தால் 1,40,62,500 மிமீ⁴, படுக்கவைத்தால் 15,62,500. விகிதம் சரியாக 9. செக்‌ஷன் மாடுலஸ் (திருப்புத்திறனை இதனால் வகுத்தால் தகைவு; செவ்வகத்துக்கு அகலம் × உயரம்² ÷ 6) நிமிர்ந்த நிலையில் 1,87,500 மிமீ³, படுத்த நிலையில் 62,500. விகிதம் 3. வளைவுத் திருப்புத்திறன் (பீமை வளைக்கும் திருப்பு விளைவு) 3 கிலோநியூட்டன்-மீட்டர் கொடுத்தால் தகைவு 16, 48 மெகாபாஸ்கல் என்று முழு எண்ணாக விழும். தொய்வு ஒன்பது மடங்கு, தகைவு மூன்று மடங்கு. இரண்டும் ஏன் ஒரே விகிதத்தில் மாறவில்லை என்று கேளுங்கள். உயரம் குறையும்போது வெளி இழையும் (பீமின் மேல், கீழ் விளிம்பு) நடு அச்சுக்கு (வளையும்போது நீளம் மாறாத கோடு) அருகே வந்துவிடுகிறது என்பதுதான் விடை.

இதே அளவில் இன்னொரு கேள்வியும் எடுக்கலாம். 50 × 75 மிமீ பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டாமல் வைத்தால்? ஒவ்வொன்றும் தனித்தனியாக வளையும், இடையே வழுக்கும். மொத்தம் 35,15,625 மிமீ⁴. ஒட்டினால் 1,40,62,500. நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கை ஒட்டுப்பசைதான் தருகிறது. அதற்கு ஈடாக இடைமுகத்தில் வெட்டுத் தகைவை அது தாங்க வேண்டும். வெட்டு விசை 10 கிலோநியூட்டன் என்றால் சராசரி 1.33, ஆனால் நடுவில் அதன் ஒன்றரை மடங்கு, 2 மெகாபாஸ்கல். ஒட்டு இருக்கும் இடமும் அந்த நடுதான்.

உள்ளீடற்றதற்கு வெளியே 60 × 100, சுவர்த் தடிமன் 5 மிமீ. உள்ளே 50 × 90. முதல் சறுக்கல் உள்ளளவு எடுப்பதிலேயே வரும்: தடிமனை ஒருமுறை மட்டும் கழித்து 55 × 95 என்பார்கள். பாதைக் கணக்கில் செய்த அதே தவறு இங்கே திரும்பி வருகிறது. சரியான விடை (60 × 100³ − 50 × 90³) ÷ 12 = 19,62,500 மிமீ⁴. அளவுகளை முதலில் கழித்துவிட்டு 10 × 10³ ÷ 12 = 833 என்று எழுதுபவர்களும் உண்டு; அது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத தவறு ஒன்று இருக்கிறது, அதற்காகவே இந்தக் கணக்கை வைக்கச் சொல்கிறேன். செக்‌ஷன் மாடுலஸை நேரடியாகக் கழிப்பது: 1,00,000 − 67,500 = 32,500. சரியான மதிப்பு 19,62,500 ÷ 50 = 39,250 மிமீ³. வெளிச் செவ்வகத்தின் வெளி இழை 50 மிமீ தூரத்தில், உள்செவ்வகத்தினுடையது 45 மிமீ தூரத்தில். வெவ்வேறு தூரத்தால் வகுத்த இரண்டை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது. விடை 17 சதவீதம் குறைவாக, பாதுகாப்பான பக்கம் சாய்ந்து வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

முறுக்கத்துக்கு (பீமைத் திருகும் சுமைக்கு) இப்போது போக வேண்டாம். போனாலும் சதுரத்துக்குப் போலார் மொமன்ட்டான பக்கம்⁴ ÷ 6-ஐப் போடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். முறுக்க மாறிலி (முறுக்கத்தை எதிர்க்கும் அளவு) ஏறக்குறைய 0.141 × பக்கம்⁴. குறுக்குவெட்டு தட்டையாக இருக்காமல் உப்பிக் குழிவதால் வட்டத்துக்கான சூத்திரம் செவ்வகத்துக்குப் பொருந்தாது.

நீரோட்டம்:

பெரும மதிப்புக் கணக்கில் சுவரோரத் தோட்டத்தைச் சேர்த்தீர்களா? மூன்று பக்கத்துக்கு 40 மீ வேலி, நான்காவது பக்கம் சுவர். ‘சதுரம்தான் எப்போதும் பெரிது’ என்று மனப்பாடம் செய்தவர் 13.33-ஐ வர்க்கமாக்கி 177.8 என்பார். சரியானது சுவருக்கு இணையாக 20, செங்குத்தாக 10, பரப்பளவு 200.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால் திறந்த கால்வாயின் மிகச் சிக்கனமான செவ்வகக் குறுக்குவெட்டும் இதே கணக்குதான். நீரின் ஆழம் அகலத்தில் பாதி. வேலி இருந்த இடத்தில் அடித்தளமும் இரண்டு கரைகளும், சுவர் இருந்த இடத்தில் நீரின் மேல்பரப்பு. அகலம் 2 மீ, ஆழம் 1 மீ: பரப்பளவு 2, நனையும் சுற்றளவு 4, நீரியல் ஆரம் (பரப்பளவு ÷ நனையும் சுற்றளவு) 0.5 மீ. மேல்பரப்பையும் சுற்றளவில் சேர்த்தால் 6 ஆகி, ஆரம் 0.333 ஆகிவிடும். கால்வாயில் நீரின் வேகம் காணும் மேனிங் சூத்திரத்தில் அந்த ஆரத்தின் மூன்றில்-இரண்டு அடுக்கு வருவதால் வேகம் ஏறக்குறைய 24 சதவீதம் குறைவாகக் கிடைக்கும்.

நீரழுத்தத்துக்குச் செங்குத்துக் கதவு: 2 மீ அகலம், 3 மீ உயரம், மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு 1 மீ கீழே. மேல் விளிம்பு நீர்மட்டத்திலேயே இருக்கும்படி மட்டும் வைக்காதீர்கள், அப்போது அழுத்த மையம் (நீரின் மொத்த விசை செயல்படும் புள்ளி) மேலிருந்து உயரத்தில் மூன்றில் இரண்டு என்ற மனப்பாடமே போதும். இங்கே மையத்தின் ஆழம் 2.5 மீ, விசை 9.81 × 2.5 × 6 = 147.15 கிலோநியூட்டன், அழுத்த மையம் 2.5 + 4.5 ÷ (6 × 2.5) = 2.8 மீ ஆழத்தில் (4.5 என்பது கதவின் மொமன்ட் ஆஃப் இனெர்ஷியா, 2 × 3³ ÷ 12). மனப்பாடம் செய்தவர் 1 + 2 = 3.0 மீ என்பார்.

அளவுப்பிழை:

எல்லாக் கணக்கிலும் அளவுகள் துல்லியமானவை என்றே வைத்திருக்கிறீர்கள். பள்ளிக்கு அது சரி. பொறியியலுக்கு ஒன்றாவது இப்படி வேண்டும்: நீளம் 12.0 ± 0.5, அகலம் 8.0 ± 0.5. பரப்பளவு எந்த எல்லைக்குள்? மேல் எல்லை 12.5 × 8.5 = 106.25, கீழ் எல்லை 11.5 × 7.5 = 86.25. பெயரளவு 96. மேலே 10.25, கீழே 9.75. 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கி ± 0.25 என்று எழுதும் தவறு இங்கே வெளிப்படும். சார்புப் பிழைகளை (பிழை ÷ அளவு) கூட்டினால் 4.17 + 6.25 = 10.42 சதவீதம், அதாவது 10. விட்டுப்போன 0.25 மூலையில் இருக்கும் சின்னச் சதுரம். பாதைக் கணக்கின் மூலைச் சதுரமேதான் அதுவும்.

கரும்பலகை:

இதில் எனக்கு ஒரு தயக்கம். பிழை எல்லையைப் பாதைக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பள்ளி மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். தனிப் பகுதியாக வையுங்கள். அதைவிடப் பள்ளியில் அவசரமானது வரைபட அளவு: 1:50 வரைபடத்தில் அறை 8 செமீ × 6 செமீ. உண்மையில் 4 மீ × 3 மீ, 12 சதுர மீட்டர். 48-ஐ 50-ஆல் பெருக்கியவர் 2400 சதுர செமீ, அதாவது 0.24 சதுர மீட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அந்த ‘அறை’யில் ஒருவர் நிற்பதற்கே இடம் நெருக்கடி என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

சதுரமட்டம்:

பலகை வெட்டும் கணக்கு ஒன்று தருகிறேன். பரப்பளவை வகுத்தால் போதும் என்ற எண்ணத்தை உடைக்க இது நல்லது. 2440 × 1220 மிமீ தாளில் 500 × 400 மிமீ துண்டுகள் அதிகபட்சம் எத்தனை?

வரைதாள்:

பரப்பளவால் 29,76,800 ÷ 2,00,000 = 14.88, ஆக 14-க்கு மேல் வராது. நேர்வரிசையில் 4 × 3 = 12, திருப்பி வைத்தால் 6 × 2 = 12. இரண்டு வழியிலும் 12 வருவதால் 12-தான் விடையா? வாளின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

சதுரமட்டம்:

விடை 14. நீளவாட்டில் 500 மிமீ அகலத்தில் நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் 400 உயரத்தில் மூன்று துண்டுகள், ஆக 12. மீதி 440 மிமீ பட்டையில் துண்டைத் திருப்பி, 400 அகலம், 500 உயரமாக வைத்தால் இன்னும் 2. பரப்பளவு சொன்ன மேல் எல்லையைத் தொட்டுவிட்டதால் இதற்குமேல் தேட வேண்டாம். அந்த நிறுத்தக் காரணத்தையும் மாணவர் எழுத வேண்டும்.

வாள்வெட்டு 3 மிமீ என்று கொடுங்கள். ஐந்து பத்திகளுக்கு இடையே நான்கு வெட்டு: 2000 + 400 + 12 = 2412, 2440-க்குள் அடங்கும். குறுக்கே 1200 + 6 = 1206, அதுவும் அடங்கும். 14 நிற்கும். பிறகு துண்டை 610 × 400 ஆக மாற்றிக் கேளுங்கள். தாளில் 610 சரியாக நான்கு முறை போகும், எனவே 12 என்பார்கள். வாள்வெட்டோடு 2440 + 9 = 2449, தாளைத் தாண்டிவிடும். நான்காவது பத்தி போய் நேர்வரிசையில் 9-தான் மிஞ்சும். மூன்று பத்திக்குப் பிறகு மீதியிருக்கும் 601 மிமீ பட்டையில் ஒரு துண்டைத் திருப்பி வைத்தால் 10. அந்தப் பட்டையில் இரண்டாவது துண்டுக்கு 610 வேண்டும், இருப்பதோ 1220 − 613 = 607.